பனி நாட்டுப் பயணம்

வங்கக் கடலின் கரையில் அமைந்த புதுச்சேரியில் மார்கழித் திங்கள் பிறந்துவிட்டால் ஊரின் கோலமே மாறும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டிய பருவமழை மெல்ல ஓயும். வைகறையில் மெல்லிய பனி இறங்கும். வாயில்தோறும் கோலம் பொலியும். கிறித்தவர் இல்லங்களில் வைக்கோலும் களிமண்ணும் கொண்டு குடில் அமைப்பர். மூங்கிற் பிளாச்சால் விண்மீன் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே விளக்கேற்றி வாயிலில் தொங்கவிடுவர். சம்பாக் கோவில் என்று ஊரார் வழங்கும் பேராலயத்தில் நள்ளிரவுப் பூசைக்கு மக்கள் திரள்வர். அந்நாட்களில் வெப்பம் 22 டிகிரி அளவிற்குத் தாழ்ந்தாலே முதியோர் காதைத் துணியால் மூடிக்கொள்வர். தாய்மார் குழந்தைகட்குக் குல்லாய் இடுவர். நம் ஊரார் அறிந்த குளிர் அவ்வளவே.

ஆயினும், இவ்வூர்க் குடும்பங்கள் சில இதே மார்கழியில் பெட்டி படுக்கையுடன் பிரான்சு நாட்டிற்குப் புறப்படுகின்றன. வெயிலில் வளர்ந்த மக்கள் பனிக்கட்டி உறையும் நாட்டிற்குச் செல்வானேன்? அதற்குரிய காரணம் வரலாற்றில் உள்ளது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் நெடுங்காலம் இருந்த புதுச்சேரி, 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இந்தியாவின் பொறுப்பில் வந்தது. 1956-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் இருநாட்டாரும் ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். அது 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இங்குப் பிறந்து வாழ்ந்தோர் விரும்பினால் ஆறு திங்களுக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்க வைத்துக்கொள்ளலாம் என அவ்வுடன்படிக்கை வகை செய்தது. அவ்வாறு எழுதிக் கொடுத்தோருள் பிரெஞ்சுப் படையிற் பணியாற்றியோர் பலர். அவர்களைச் 'சொல்தா' என்று ஊரார் அழைப்பர். அவர்தம் மக்களும் பேரன்மாரும் பிரான்சில் வாழ்கின்றனர். எனவே, புதுச்சேரியில் ஒரே குடும்பம் இரண்டு நாடுகளில் வேரூன்றியிருப்பது புதுமையன்று.

எங்கள் குடும்பமும் அத்தகையதே. என் தமக்கையார் 1966-ஆம் ஆண்டில் ஒரு சொல்தாவை மணந்தார். அப்பொழுது அவருக்கு வயது 19. எனக்கு வயது 8. பம்பாயிற் கப்பலேறி, மார்செய் துறைமுகத்தில் இறங்கி, பிரான்சின் கிழக்கெல்லையில் உள்ள வோஷ் மலைச்சாரலில் ஒரு சிற்றூரில் குடியேறினார். முதற் பனிக்காலத்தில் அவர் பட்ட பாட்டை எங்கள் அன்னையாருக்கு எழுதியிருந்தார். கெட்டித் துணியாய் ஒன்று மேலே போர்த்தாற் போதும் என்று எண்ணிப் பருத்தி உடையுடன் வெளியே சென்றாராம், உடை நனைந்தது, கால்விரல்களிற் குளிர்ப்புண் கண்டு ஒரு திங்கள் நடக்க இயலாது வருந்தினாராம். அன்னையார் அக்கடிதத்தை என்னைக் கொண்டு படிக்கச் செய்து, கேட்டுக் கேட்டு அழுதது இன்றும் என் நினைவில் உள்ளது.

அக்காள் பலமுறை ஊருக்கு வந்து சென்றார். ஆனால் முதுமையில் நெஞ்சுநோய் கண்டபின், நெடும்பயணம் கூடாதென மருத்துவர் தடுத்துவிட்டார். "தம்பி, உன் பேரப்பிள்ளைகளை நான் படத்திலேதான் பார்த்திருக்கிறேன். ஒரு கிறிஸ்துமஸுக்காவது அழைத்து வா," என்று தொலைபேசியிற் கூறினார். என் பேத்திக்கு அப்போது வயது ஆறு, பேரனுக்கு மூன்று. 'பச்சைப் பிள்ளைகளைப் பனியிற் கொண்டுபோய் வருத்துவதோ?' என்று அண்டை வீட்டார் அஞ்சினர். 'அங்கும் மக்கள் பிள்ளை பெற்று வளர்க்கவில்லையா?' என்று வேறு சிலர் எளிதாகப் பேசினர். அச்சத்தாற் பயணத்தைக் கைவிடவும் எனக்கு மனமில்லை. ஆராயாமற் புறப்படவும் துணிவில்லை. ஆகவே குளிரைப் பற்றி முதலில் அறிந்துகொள்ள முற்பட்டேன். அறிந்தவற்றையும் கண்டவற்றையும் மாணவர்களாகிய உங்கட்குக் கூறுகின்றேன்.

பிரான்சிற் பனிக்காலம் ஏன் அவ்வளவு கடுமையாக உள்ளது? அக்காலத்திற் பூமி சூரியனை விட்டு விலகிச் செல்கிறது என்று சிலர் எண்ணுவர். அது தவறு. சனவரித் தொடக்கத்திலேதான் பூமி சூரியனுக்கு மிக அருகில் உள்ளது. பூமியின் அச்சு ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்திருப்பதே குளிருக்குக் காரணம். டிசம்பரில் வடபாதி சூரியனுக்கு அப்பாற் சாய்ந்து நிற்கிறது. புதுச்சேரி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 12 பாகையில் உள்ளது. வோஷ் மலைப்பகுதி 48 பாகையில் உள்ளது. டிசம்பர் 21-ஆம் நாள் உச்சிப்பொழுதில் நம் ஊரிற் சூரியன் தொடுவானத்திலிருந்து 54 பாகை உயரத்தில் நிற்கும். அங்கோ 18 பாகை உயரமே எழும். சாய்ந்து வரும் கதிர்கள் பரந்த நிலத்திற் சிதறுவதால் அங்கு வெம்மை குறையும். பகலும் சிறுக்கும். நம் ஊரில் அன்று 11 மணி நேரத்திற்கு மேல் பகல் இருக்கும். அங்கு 8¼ மணி நேரமே இருக்கும்.

இனி, குழந்தைகள் பெரியோரைவிட விரைவில் குளிர்ந்துபோவது ஏன்? அடுக்களையில் இதனைக் காணலாம். அண்டா நிறையக் காய்ச்சிய வெந்நீர் நெடுநேரம் சூடாக இருக்கும். சிறு கிண்ணத்தில் ஊற்றிய வெந்நீர் சிறிது நேரத்தில் ஆறிவிடும். உருவம் சிறுத்தால், அதன் அளவை நோக்க மேற்பரப்பு மிகும். வெம்மை அம்மேற்பரப்பின் வழியே வெளியேறும். குழந்தையின் உடல் அக்கிண்ணத்தை ஒத்தது. ஆகவே பெரியவர் உடுப்பதினும் ஒரு மடிப்பு மிகுதியாகச் சிறு குழந்தைகட்கு உடுத்துதல் வேண்டும் என்பர்.

உடை வகையிலும் ஓர் உண்மை உண்டு. வெம்மையைக் காப்பதிற் பெரும்பங்கு துணிக்கு இல்லை. துணிகளுக்கிடையே அடைபட்ட காற்றுக்கே உண்டு. தடித்த சட்டை ஒன்றினும் மெல்லிய சட்டை மூன்று நலம் தரும். உடலை ஒட்டிய உடை வியர்வையைத் தேக்காதிருத்தல் வேண்டும். இடையுடை கம்பளியாதல் வேண்டும். மேலுடை காற்றையும் நீரையும் தடுத்தல் வேண்டும். பருத்தி நம் வெயிலுக்கு ஏற்றது. ஆனால் நனைந்தால் நீரைப் பிடித்துக்கொண்டு உடலைக் குளிர்விக்கும். கம்பளி சற்று நனைந்தாலும் வெம்மையை முற்றும் இழக்காது. அக்காளின் கால்விரல்கள் புண்பட்டதன் காரணம் இதனால் எனக்கு விளங்கிற்று. கையுறையிலும் ஐவிரல் பிரிந்ததைவிட, நான்கு விரல்களும் ஒன்றாய் இருக்கும் உறையே சிறந்தது. விரல்கள் ஒன்றையொன்று சூடாக வைத்திருக்கும்.

பயணத்திற்கு வேண்டிய ஆவணங்களிலும் கருத்துச் செலுத்தினோம். என் மருமகனுக்கு விடுப்பு வாய்க்கவில்லை. பெற்றோருள் ஒருவர் உடன் செல்லாத குழந்தைகட்கு அவருடைய எழுத்து ஒப்புதல் இன்றியமையாதது. அதனை முன்னரே பெற்று, நுழைவுச்சீட்டிற்கு விண்ணப்பித்தோம். அக்காளுக்குப் பால்கோவா கொண்டுபோக விரும்பினேன். பால், இறைச்சி ஆகியவற்றால் ஆன பண்டங்களைப் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் கொண்டுசெல்லலாகாது என்று அறிந்து அதனை விடுத்தேன். முறுக்கும் அதிரசமும் ஒரு பொட்டலம் கோலப்பொடியும் எடுத்துக்கொண்டோம்.

சென்னையில் விமானம் ஏறினோம். விமானம் இறங்கும்போது காற்றழுத்தம் மாறுவதாற் குழந்தைகட்குக் காது வலிக்கும். நடுச்செவிக்கும் தொண்டைக்கும் இடையே ஒரு நுண்குழல் உள்ளது. விழுங்கும்போது அது திறந்து இருபுறத்து அழுத்தத்தையும் சமன் செய்யும். எனவே இறங்கும் வேளையில் பேரனுக்கு நீரை மிடறு மிடறாக ஊட்டினாள் என் மகள். அவன் அழவில்லை. பாரிசு நகரில் மழைத் தூறலே இருந்தது. "பனி எங்கே, தாத்தா?" என்று பேத்தி முகம் வாடினாள். பாரிசிற் கிறிஸ்துமஸ் நாளன்று நிலம் வெள்ளையாய் இருப்பது அரிது என்பதைப் பலரும் அறியார். அங்கிருந்து விரைவுத் தொடர்வண்டியில் ஸ்திராஸ்பூர் நகரை அடைந்தோம். அங்கும் மழையே.

நிலையத்திற்கு அக்காளின் மகன் ஊர்தியுடன் வந்திருந்தான். பிள்ளைகளைச் சிறப்பிருக்கையில் அமர்த்தினான். பத்து வயதிற்கு உட்பட்டோர்க்கு அவ்விருக்கை அந்நாட்டில் சட்டப்படி வேண்டுவது. அமர்த்துமுன் அவர்களுடைய தடித்த மேலுடையைக் கழற்றச் சொன்னான். 'குளிரில் இஃதென்ன!' என்று நான் திகைத்தேன். "மாமா, இந்த உடையில் பஞ்சுபோற் காற்று நிறைந்துள்ளது. மோதல் நேர்ந்தால் அது நசுங்கி, வார் தளர்ந்துவிடும். வாரைக் கட்டியபின் மேலே கம்பளத்தைப் போர்த்தலாம்," என்றான். அவன் கூறியது முற்றும் சரி.

ஊர்தி மலையேறத் தொடங்கியது. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். சமவெளியிற் பெய்த மழை, சற்று மேலே மழையும் பனியும் கலந்ததாயிற்று. இன்னும் மேலே தூய வெண்பனியாயிற்று. மரமும் கூரையும் வேலியும் வெண்ணிறம் பூண்டன. பிள்ளைகள் வாய் திறந்தபடி நோக்கினர். வோஷ் மலையின் உச்சிச் சிகரம் 1,424 மீட்டரே உயர்ந்தது. நம் நீலகிரியில் உள்ள தொட்டபெட்டாவோ 2,637 மீட்டர் உயரமுடையது. ஆயினும் உதகையில் மார்கழி தையில் புல்மேல் உறைபனி படர்வதோடு சரி. நிலம் முழங்கால் அளவு மூடுவதில்லை. உயரத்தோடு நிலநடுக்கோட்டிலிருந்து உள்ள தொலைவும் குளிரை வகுக்கிறது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

வீட்டு வாயிலில் அக்காள் ஊன்றுகோலுடன் நின்றிருந்தார். கம்பளிப் போர்வைக்குள்ளே புடவை தெரிந்தது. பேரனை எடுத்து இடுப்பில் வைத்துக்கொள்ள முயன்றார், முடியவில்லை. "உன் தாத்தாவை இந்த இடுப்பில்தான் தூக்கித் திரிந்தேன்," என்று அவனிடம் கூறிச் சிரித்தார். அவருடைய பேரப்பிள்ளைகள் தமிழை விளங்கிக்கொள்வர். மறுமொழியைப் பிரெஞ்சில் உரைப்பர். என் பேத்தி ஓயாது பேசிய புதுச்சேரித் தமிழை அவர் செவிகுளிரக் கேட்டார். வேறு பண்டம் எதனையும் அவர் வேண்டவில்லை.

நம் கடிகாரத்திற்கும் அந்நாட்டுக் கடிகாரத்திற்கும் பனிக்காலத்தில் நான்கரை மணி வேறுபாடு. நம் ஊரில் காலை 6½ மணிக்கு விழிக்கும் பிள்ளை அங்கு நள்ளிரவு கழிந்த 2 மணிக்கே விழித்துக்கொள்வான். முதல் மூன்று இரவுகள் அவ்வாறே கழிந்தன. பகலில் சிறிது நேரமேனும் வெளிச்சத்தில் விளையாட விட்டதால் நான்காம் நாள் உறக்கம் சீர்ப்பட்டது.

பனி எவ்வாறு உண்டாகிறது என்று பேத்தி கேட்டாள். மேகத்தில் வெப்பம் உறைநிலைக்குக் கீழே செல்லும்போது, நீராவி நீராகாமலே நுண்துகளைப் பற்றிப் பளிங்காகப் படியும். அப்பளிங்கு பெரும்பாலும் அறுகோண அமைப்புடையது. பல பளிங்குகள் ஒட்டிப் பூவிதழ் போல் உதிர்வதே வெண்பனி. வானியலறிஞர் கெப்ளர் 1611-ஆம் ஆண்டிலேயே இவ்வறுகோணத்தின் காரணத்தை ஆராய்ந்து ஒரு சிறுநூல் எழுதினார். அவள் கரிய கம்பளிக் கையை நீட்டி, விழுந்த பனித்துகளின் முனைகளை ஆறு என எண்ணி மகிழ்ந்தாள். பின்னர், "ஏன் தாத்தா இங்கே சத்தமே இல்லை?" என்றாள். புதிதாய் விழுந்த பனியிற் காற்றிடைவெளிகள் மிகுதி. அவை ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். அதனாலேயே பனி பெய்த ஊர் அமைதியாக இருக்கும்.

ஒருநாள் ஒரு சிறு இடர் நேர்ந்தது. பிள்ளைகள் யாவரும் பனியால் ஓர் ஆளுருவம் செய்துகொண்டிருந்தனர். 'பனி' என்று என் பேத்தி கூற, 'நேஷ்' என்று அவர்கள் கூற, சொற்களும் கைமாறின. நானும் விளையாட்டைக் கண்டு மயங்கியிருந்தேன். பேரன் நனைந்த கையுறையைக் கழற்றி எறிந்ததை நான் கவனிக்கவில்லை. சிறிது நேரத்தில் அவன் பேச்சடங்கி நின்றான். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. தொட்டால் தெரியவில்லை என்றான். நான் பதறி அவனை உள்ளே தூக்கிச் சென்று, கணப்பின் அருகே கையைக் காட்ட முயன்றேன்.

"வேண்டா, தம்பி!" என்று அக்காள் தடுத்தார். நனைந்த உடையைக் களைந்து, உலர்ந்த கம்பளத்திற் போர்த்தி, அவன் விரல்களைத் தம் அக்குளில் வைத்துக்கொண்டார். பின்னர் உடல் வெம்மையளவான இளஞ்சூட்டு நீரில் அமிழ்த்தினார். தேய்க்கவும் விடவில்லை. "மரத்துப்போன விரலுக்குச் சூடு தெரியாது, கணப்பில் வெந்தாலும் அறியாது. தேய்த்தால் தோல் கெடும். என் விரல் கற்றுக்கொடுத்த பாடம் இது," என்றார். அரைமணி நேரத்தில் விரல்கள் சிவந்து உணர்வு பெற்றன. பேரன் ஓவென்று அழுதான். அவ்வழுகையைக் கேட்ட பின்னரே எனக்கு உயிர் வந்தது. விரல் வெளுத்தபடியே இருந்தாலோ, குழந்தை சோர்ந்து உறக்கத்தில் ஆழ்ந்தாலோ, உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும். அதன்பின் அரைமணிக்கு ஒருமுறை பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கையும் காலும் உலர்ந்துள்ளனவா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக் கொண்டேன்.

திருநாள் நெருங்கியது. அல்சாசு என்னும் அப்பகுதி கிறிஸ்துமஸ் வழக்கங்கட்குப் பெயர் பெற்றது. செலஸ்தா என்னும் ஊரின் 1521-ஆம் ஆண்டுக் கணக்கேட்டில் கிறிஸ்துமஸ் மரத்தைப் பற்றிய குறிப்புக் காணப்படுகிறது. ஸ்திராஸ்பூர் நகரின் கிறிஸ்துமஸ் சந்தை 1570-ஆம் ஆண்டிலிருந்து வருகிறது. முற்காலத்தில் அந்நாளிரவு அடுப்பிற் பெருங்கட்டை ஒன்றை எரிப்பது வழக்கம். இன்று அக்கட்டையின் வடிவில் இனிப்பப்பம் செய்து உண்கின்றனர். அக்காள் வீட்டு மேசையில் அக்கட்டையப்பமும் இருந்தது. ரவையும் உலர்திராட்சையும் சேர்த்துப் புதுச்சேரியிற் செய்யும் 'விவிக்கம்' என்னும் பணியாரமும் இருந்தது. எங்கள் முறுக்கும் அதிரசமும் இருந்தன. நள்ளிரவுப் பூசைக்கு அக்காளால் நடக்க இயலவில்லை. குடிலின் முன் அமர்ந்து, தம் அன்னையார் கற்பித்த தமிழ்ச் செபத்தைச் சொன்னார். இரு நாட்டுப் பிள்ளைகளும் உடன் சொன்னார்கள்.

மறுநாட் காலை பேத்தி ஒரு புட்டியைக் கொண்டுவந்தாள். "தாத்தா, தேங்காயெண்ணெய் கல்லாகிவிட்டது," என்றாள். 24 டிகிரிக்குக் கீழே அவ்வெண்ணெய் உறையத் தொடங்கும். நம் ஊரிலும் மார்கழி விடியலிற் சிலவேளை வெளுத்து உறைவதுண்டு. அக்காள் அதனை உள்ளங்கையில் வைத்து உருக்கிப் பிள்ளைகளின் கன்னத்திலும் உதட்டிலும் தடவினார். வீட்டைச் சூடாக்கும் கருவிகளால் காற்று வறண்டு, தோல் வெடிக்கும். அதற்கு நம் எண்ணெயே போதுமானதாயிற்று. கோலப்பொடியை என்ன செய்வது என்று பேத்தி மயங்கினாள். வெள்ளைப் பனிமேல் வெள்ளைக் கோலம் தெரியவில்லை. அக்காள் மஞ்சட்பொடி கலந்து கொடுத்தார். அவ்வூர்த் தெருவில் அன்று ஒரு மஞ்சட்கோலம் விளங்கியது.

"நம் ஊரில் புல்மேல் இருக்கும் நீர்த்துளியும் பனி, இங்கே கூரைமேல் இருப்பதும் பனியா?" என்று பேத்தி ஒருநாள் வினவினாள். தமிழில் 'பனி' என்னும் சொல் பலபொருள் உடையது. அது குளிர்ந்து இறங்கும் துளியைக் குறிக்கும். உறைந்த வெண்பனியையும் குறிக்கும். 'பனித்தல்' என்றால் நடுங்குதல் என்றும் பொருள்படும். முன்பனி, பின்பனி என்று ஆண்டின் ஆறு பருவங்களுள் இரண்டைப் பனியின் பெயராலே நம் முன்னோர் வகுத்தனர். கண்ணீருக்கும் 'பனி' என்று பெயர் உண்டு என்று அவளுக்குச் சொல்லி வைத்தேன்.

சனவரித் தொடக்கத்தில் விடைபெற்றோம். ஊர்தி புறப்படும் வேளையில் அக்காள் சாளரத்தருகே வந்து நின்றார். "அடுத்த மார்கழிக்கு இருப்பேனோ, இல்லையோ! இந்தப் பிள்ளைகள் குரலைக் கேட்டுவிட்டேன், அது போதும்," என்றார். அவர் கண்கள் பனித்தன. பேத்தி என் காதருகே, "தாத்தா, பாட்டி கண்ணிலும் பனி," என்றாள். நான் மறுமொழி சொல்ல இயலாமல் அவள் தலையைத் தடவினேன்.

மாணவர்களே! தொலைவும் குளிரும் உறவுக்குத் தடையாகத் தோன்றலாம். அவற்றைக் கடக்க அன்பு வேண்டும்; அன்போடு அறிவும் வேண்டும். அறுபது ஆண்டுகட்கு முன் என் தமக்கையார் அறியாமல் வருந்திக் கற்றது, அன்று என் பேரனின் விரல்களைக் காத்தது. பெரியோர் பட்டறிந்ததைக் கேட்டு உணர்ந்து, வேண்டுவன முன்னரே செய்துகொண்டு புறப்படுவோர்க்கு எந்நாடும் சென்றுவரத் தக்க நாடே ஆகும்.